பெட்ரோல் மோட்டார்ஹோமை மாற்றும்போது வேறு பிராண்டுக்குப் போவது எப்படி?

அமெரிக்காவில் "கேஸ் கோச்" என்றால் பெட்ரோலில் ஓடும் கிளாஸ் ஏ மோட்டார்ஹோம், அதாவது பஸ் வடிவில் கட்டிய நடமாடும் வீடு. அடுப்புக்கு வரும் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படி ஒரு வண்டியை ஏழெட்டு வருடம் வைத்திருந்துவிட்டு, "இந்தக் கம்பெனி போதும், அடுத்தது வேறு" என்று கிளம்புகிறவர்கள் டீலர் வாசலை மிதிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இன்று புதிதாக விற்கும் பெட்ரோல் கிளாஸ் ஏ வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஃபோர்டு எஃப்-53 சேஸி மேல்தான் நிற்கின்றன. எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு, பிரேக், ஸ்பிரிங் எல்லாம் ஃபோர்டு. அதன்மேல் சுவர், கூரை, வயரிங், குழாய், அலமாரி கட்டுகிற வேலைதான் பிராண்டுடையது. ஆக, பிராண்டை மாற்றுவது என்றால் மேஸ்திரியை மாற்றுவது. அஸ்திவாரம் அதேதான்.

பழைய வண்டி 2010-க்கு முந்தையதாக இருந்தால் அது ஒர்க்ஹார்ஸ் சேஸியில், ஜிஎம்மின் 8.1 லிட்டர் எஞ்சினோடு இருக்கலாம். அப்படியானால் மட்டும் ஓட்டும் விதத்தில் நிஜமாகவே வித்தியாசம் தெரியும். ஃபோர்டிலிருந்து ஃபோர்டுக்கு வருகிறவர்களுக்குப் பெரிய மாற்றம் எஞ்சினில்தான். 2020 வாக்கில் பழைய 6.8 லிட்டர் வி10 போய் 7.3 லிட்டர் வி8 வந்தது. கடைசிக்கால வி10 320 குதிரைத்திறன், வி8 350. தாளில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் வி8 குறைந்த சுற்றிலேயே இழுப்பதால் மலையேற்றத்தில் அந்த அலறல் குறைவு. ஒரு எச்சரிக்கை: கோச்சின் மாடல் வருடமும் சேஸியின் மாடல் வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முந்தைய வருடச் சேஸியில் கட்டிய கோச் அடுத்த வருட மாடல் என்று விலைக்கு வருவது சகஜம். விளம்பரத்தை நம்பாமல் எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்கள்.

பெயர் வேறு, முதலாளி ஒருவர்

வெறுத்துப்போய் ஒரு கம்பெனியை விட்டு வந்தவர், அதே முதலாளியின் இன்னொரு கடையில் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது. தோர் இண்டஸ்ட்ரீஸ் கையில் தோர் மோட்டார் கோச் இருக்கிறது. 2016-இல் ஜேகோவும் அதன் கிளையான எண்டெக்ராவும் வந்தன, 2020 டிசம்பரில் டிஃபின் வந்தது. வின்னபேகோ இண்டஸ்ட்ரீஸ் 2019 நவம்பரில் நியூமாரை வாங்கியது. ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்வேயுடையது, கோச்மென் 2008 முதல் ஃபாரஸ்ட் ரிவருடையது.

முதலாளி ஒருவர் என்பதால் வண்டியும் ஒன்று என்று சொல்ல முடியாது. நியூமார் இன்னும் இண்டியானாவின் நாப்பனியில் கட்டப்படுகிறது, டிஃபின் அலபாமாவின் ரெட் பேயில். தொழிற்சாலையும் கட்டும் முறையும் வேறு. ஆனால் தோரின் ஹரிக்கேனும் விண்ட்ஸ்போர்ட்டும் இரட்டைப் பிள்ளைகள். ஜேகோ பிரிசெப்டும் எண்டெக்ரா விஷனும் அப்படியே. வெளி வண்ணமும் துணியும் மாறும், மற்றபடி உடம்பு ஒன்று. அந்த ஜோடிக்குள் மாறுவதை பிராண்டு மாற்றம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த டீலர் குறைத்துத் தருகிறாரோ அவரிடம் வாங்கலாம், அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் சாமான்களிலும் இதே கதை. ஃபிரிட்ஜ் பெரும்பாலும் டொமெட்டிக் அல்லது நார்கோல்டு, ஜெனரேட்டர் ஓனன், ஸ்லைடும் (நிறுத்தியதும் சுவரோடு வெளியே நகரும் அறைப்பகுதி) ஜாக்கும் (வண்டியை மட்டப்படுத்தும் தாங்கி) பெரும்பாலும் லிப்பர்ட். எந்தப் பிராண்டுக்குப் போனாலும் இதே பெயர்கள் உங்களை வரவேற்கும்.

பழைய வண்டியின் குறைகளைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: ஃபோர்டு, வீடு, பொது. பழைய வண்டியில் உங்களை எரிச்சல்படுத்திய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் எழுதுங்கள்.

காற்றடித்தால் வண்டி தள்ளுகிறது, லாரி கடந்தால் இழுக்கிறது, இருக்கைகளுக்கு நடுவே உள்ள எஞ்சின் மூடி சுடுகிறது, மேட்டில் 4,500 சுற்றில் சத்தம் போடுகிறது: இதெல்லாம் ஃபோர்டு பத்தி. ஸ்லைடு சிக்குகிறது, மழை பெய்தால் பின்மூலையில் ஈரம், அலமாரிக் கதவு கழன்று விழுகிறது, சாமான் வைக்க இடமில்லை: இவை வீட்டுப் பத்தி. கழிவுத் தொட்டி காலியாக இருந்தாலும் மீட்டர் "முக்கால்" என்று காட்டுவது பொதுப் பத்தி. தொட்டிச் சுவரில் திருகிய உலோக முனைகளில் அழுக்கு படிந்தால் எந்தக் கம்பெனி வண்டியும் அப்படித்தான் பொய் சொல்லும்.

வீட்டுப் பத்தி நீளமாக இருந்தால் பிராண்டை மாற்றுவதில் பலன் உண்டு. ஃபோர்டு பத்தி நீளமாக இருந்தால் பிராண்டு மாற்றத்தால் தலைவலி போய்த் திருகுவலி வரும். உங்களுக்குத் தேவை புது எஞ்சின் உள்ள வருடம், அல்லது நீளமான வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம்), அல்லது பின்னால் எஞ்சின் வைத்த டீசல்.

வீல்பேஸ் கணக்கு

அஸ்திவாரம் ஒன்று என்றாலும் அதன்மேல் எவ்வளவு நீளத்துக்கு வீடு கட்டுவது என்பதை பிராண்டுதான் முடிவு செய்கிறது. எஃப்-53 பல வீல்பேஸ்களில் வருகிறது. பெரிய கோச்சுகளுக்கு 228, 242, 252 அங்குலம். ஒரே 228 அங்குலச் சேஸியில் ஒரு கம்பெனி 34 அடிக்குக் கட்டும், இன்னொன்று 36 அடிக்குக் கட்டும்.

34 அடி என்பது 408 அங்குலம். 228-ஐ 408-ஆல் வகுத்தால் 56 சதவீதம். 36 அடிக்கு, அதாவது 432 அங்குலத்துக்கு, 53 சதவீதம்தான் வரும். அனுபவக் கணக்குப்படி 54-க்கு மேல் என்றால் நிம்மதி. 50-ஐ நெருங்க நெருங்க பின்பக்கம் நீண்டு தொங்கும், பின் அச்சுக்கு அப்பால் உள்ள எடை முன்சக்கரத்தைத் தூக்கும், ஸ்டீயரிங் மிதக்கும், லாரி காற்று வாலைப் பிடித்து ஆட்டும். பெட்ரோல் பங்கில் திரும்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசி பம்ப்பைத் தொடும் ஆபத்தும் கூடும். பிரோஷரில் வீல்பேஸ் போட்டிருக்கும். போட்டிருக்கவில்லை என்றால் டேப்பை எடுத்து முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்துவிடுங்கள். "இது ரொம்ப ஸ்டெடியா ஓடும் சார்" என்பதைவிட அந்த அளவு நம்பகமானது.

எடை: ஸ்டிக்கரைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்

பிராண்டுக்குப் பிராண்டு நிஜமான வித்தியாசம் இங்கேதான் பளிச்சென்று தெரியும். கனமான மரம், டைல், பெரிய ஸ்லைடு என்று அழகாகக் கட்டுகிறவர் உங்கள் சாமானுக்கு மிச்சம் வைப்பது குறைவு. 2008 நடுப்பகுதிக்குப் பிறகு கட்டிய வண்டிகளில் வாசற்கதவின் உட்பக்கம் மஞ்சள் தலைப்போடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இதைத்தான் ஓசிசிசி என்கிறார்கள். பெட்ரோல் டேங்க் நிரம்பிய எடை இந்தக் கணக்கில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. நல்ல தண்ணீர் கழியவில்லை. அது உங்கள் பங்கிலிருந்து போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டியின் மொத்த அனுமதி எடை 22,000 பவுண்டு, ஸ்டிக்கர் 2,450 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். 75 கேலன் தண்ணீர், கேலனுக்கு 8.3 பவுண்டு வீதம் 622. இரண்டு பேர் 340. பின்னால் காரைக் கட்டி இழுக்கும் தண்டான டோ பாரும் பிரேக் கருவியும் சேர்ந்து 120. மிச்சம் 1,368. உங்கள் சாமான் 1,900 பவுண்டு என்றால் 532 கூடுதல். தண்ணீரை 20 கேலனாகக் குறைத்தால் 456 மிச்சமாகும். அப்போதும் 76 பவுண்டு மேலேதான். டயரும் பிரேக்கும் அந்த எல்லைக்குத்தான் அளவெடுத்துப் போடப்பட்டவை.

உங்கள் சாமான் எத்தனை பவுண்டு என்பதை ஊகிக்கத் தேவையில்லை. பழைய வண்டியைக் காலி செய்யும் முன், வழக்கமாகப் பயணம் போகும் நிலையில், ஏதாவது டிரக் ஸ்டாப்பில் உள்ள "கேட்" (CAT) கம்பெனியின் எடைமேடைக்கு ஓட்டிப் போய் எடை போடுங்கள். பிறகு சாமான் எல்லாம் இறக்கிவிட்டு மறுபடி எடை போடுங்கள். இரண்டு முறையும் பெட்ரோல், தண்ணீர், கழிவுத் தொட்டிகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் அதே ஆட்களாக இருக்க வேண்டும். வித்தியாசம்தான் உங்கள் சாமான். பெரும்பாலானவர்கள் நினைத்ததைவிட நானூறு ஐந்நூறு பவுண்டு அதிகமாக வரும். குற்றவாளிகள் வழக்கமாகக் கருவிப்பெட்டி, டின் உணவு, புத்தகம்.

பழைய வண்டியாக வாங்கினால் ஸ்டிக்கர் சொல்வது அது முதலில் விற்பனைக்கு வந்த காலத்துக் கணக்கு. முதல் சொந்தக்காரர் பிறகு சேர்த்த துணி துவைக்கும் இயந்திரம், கூடுதல் பேட்டரி, சோலார் பலகை எதுவும் அதில் இருக்காது. எடை போடாமல் முடிவுக்கு வராதீர்கள்.

பின்னால் கார் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு எண் உண்டு: வண்டியும் காரும் சேர்ந்த மொத்த எடை. 22,000 பவுண்டு எஃப்-53-இல் இது வழக்கமாக 26,000. ஹிட்ச்சில் (வண்டியின் பின்னால் டோ பாரைச் செருகும் இடம்) 5,000 என்று எழுதியிருந்தாலும், வண்டி முழுச் சுமையில் இருந்தால் கட்டக்கூடியது 4,000தான். 4,400 பவுண்டு ஜீப்பைக் கட்ட வேண்டுமானால் வண்டி 21,600-ஐத் தாண்டக்கூடாது. 24,000 பவுண்டு சேஸியில் மொத்தம் வழக்கமாக 30,000. அங்கே ஹிட்ச்சின் 5,000தான் குறுக்கே நிற்கும். எது சிறியதோ அதுவே உங்கள் எல்லை.

எஃப்-53-இன் உச்ச அனுமதி 26,000 பவுண்டு. டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் தனி உரிமம் கேட்பது 26,000-ஐத் தாண்டினால்தான் என்பதால் பெட்ரோல் கோச்சில் எடைக்காக அந்தக் கவலை இல்லை. டீசலுக்குத் தாவுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

சுவரும் கூரையும் ஸ்லைடும்

இதற்குத்தான் புது மேஸ்திரிக்குப் பணம் கொடுக்கிறீர்கள். எனவே இங்கே நிதானமாகப் பாருங்கள்.

சுவர் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் தோல், மெல்லிய பலகை, நுரை, அலுமினியச் சட்டம் ஆகியவற்றை ஒட்டி அழுத்திய பலகம். தண்ணீர் உள்ளே போனால் தோலுக்குப் பின்னுள்ள மெல்லிய பலகை ஊறி, ஒட்டு விட்டு, தோல் உப்பும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் படும்போது சுவரோடு சுவராகக் கன்னத்தை வைத்து நீளவாக்கில் பாருங்கள். உச்சி வெயிலில் தெரியாத உப்பல் அப்போது அலை மாதிரி தெரியும். உள்ளங்கையால் அழுத்தினால் உள்ளே போய் மீண்டு வரும். ஜன்னல் கீழ்மூலைகள், முன்பின் முகப்பு சுவரோடு சேரும் தையல், கூரை ஓர விளக்குகளின் கீழே உள்ள பகுதி ஆகியவற்றில்தான் முதலில் தொடங்கும். கையளவு உப்பல் என்றாலும் ரிப்பேர் செலவு பெரியது. விலை பேசுவதைவிட விட்டு விலகுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஈரமானி கையில் இருந்தால், அது காட்டும் எண்ணைத் தனியாக நம்ப வேண்டாம். அதே சுவரில் காய்ந்த இடம் ஒன்றில் வைத்து அளவெடுத்து, சந்தேகப்படும் இடத்தோடு ஒப்பிடுங்கள். பின்பக்க மேல் அலமாரிகளைத் திறந்து மூலையில் விரலால் அழுத்துங்கள். மெத்தென்று இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

கூரை மூன்று விதம்: ரப்பர், டிபிஓ (ஒருவகைப் பிளாஸ்டிக் விரிப்பு), ஃபைபர்கிளாஸ். பழைய வண்டியில் ரப்பர் இருந்து புதியதில் ஃபைபர்கிளாஸ் வருகிறதென்றால், "இனிக் கூரை ஏற வேண்டியதில்லை" என்று நினைத்துவிடாதீர்கள். ஃபைபர்கிளாஸ் கிழியாது, ஆனால் அது சுவரோடு சேரும் விளிம்பு சில பிராண்டுகளில் ஒரு பள்ளத்தில் செருகி மேலே சீலண்ட் பூசியது. அந்தச் சீலண்ட் விரிந்தால் தண்ணீர் போவது தெரியாது, காற்றில் கூரையே விளிம்பிலிருந்து கழன்றதும் உண்டு. வேறு பிராண்டுகளில் கூரைத் தகடு வளைந்து சுவர்மேல் இறங்கி முடியும். தையல் கீழே இருப்பதால் ஆபத்து குறைவு. வாங்கும் முன் ஏணி போட்டு இந்த விளிம்பு எந்த விதம் என்று பாருங்கள். எந்த விதமானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். கிடைமட்டப் பரப்பில் தானே பரவும் லேப் சீலண்ட் பூசுங்கள், செங்குத்துப் பரப்பில் வழியாத வகை. வீட்டுச் சிலிக்கானை ரப்பர் கூரையில் பூசாதீர்கள். அது சரியாக ஒட்டாது. அதைவிட மோசம், பிறகு பூசும் எதையும் ஒட்டவிடாது.

ஸ்லைடில் எந்த இயந்திரம் என்று கேளுங்கள். பக்கச்சுவரில் மேலும் கீழும் பல்சட்டம் ஓடி, இரு பக்கமும் தனித்தனிச் சின்ன மோட்டார் இருந்தால் அது ஷ்விண்டெக். எடை குறைவு என்பதால் பெட்ரோல் கோச்சுகளில் அதிகம். இதை ஓட்டுகிறவர் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று: ஸ்லைடு முழுதாக வெளியே வந்த பிறகும் பட்டனை விடாமல் சில வினாடி பிடித்திருக்க வேண்டும், மோட்டார்கள் தாமே நிற்கும்வரை. அப்போதுதான் இரண்டும் ஒரே கணக்குக்கு வரும். பாதியில் விட்டு விட்டு அழுத்தினால் ஒரு பக்கம் முந்தி, அடுத்த முறை கோணலாகச் சிக்கும். பழைய வண்டியில் தரைக்குக் கீழே தண்டு ஓடும் கனரக ஸ்லைடு வைத்திருந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், பழைய பழக்கத்தால்.

ஸ்லைடு பெட்டியின் அடிமூலைகளை வெளியிலிருந்து திருப்புளி நுனியால் மெதுவாகக் குத்துங்கள். மரம் "டொக்" என்று எதிர்க்க வேண்டும். நுனி இறங்கினால் தரைப்பலகை மக்கிவிட்டது.

வண்டியை மட்டப்படுத்துவது முதலா, ஸ்லைடைத் தள்ளுவது முதலா? கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய வண்டியில் செய்த வரிசையை அப்படியே புதியதில் செய்யாமல் கையேட்டைப் பாருங்கள்.

மின்சாரம்

30 ஆம்ப் வண்டியிலிருந்து 50 ஆம்ப்புக்குப் போகிறவர்கள், 20 ஆம்ப் கூடுகிறது என்று நினைக்கிறார்கள். 30 ஆம்ப் ஒரே 120 வோல்ட் கம்பி, 3,600 வாட். 50 ஆம்ப் இரண்டு கம்பி, ஒவ்வொன்றிலும் 50, மொத்தம் 12,000 வாட். இரண்டு ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடும். உங்களிடம் உள்ள 30 ஆம்ப் மின்காப்புக் கருவியை அடாப்டர் போட்டுத் தொடர்ந்தால் அந்த 3,600 வாட்டிலேயே நிற்பீர்கள். அதைப் பழைய வண்டியோடு விற்றுவிடுங்கள்.

லித்தியம் பேட்டரியைக் கொண்டு வருவதானால், புது வண்டியின் கன்வெர்ட்டரில் லித்தியம் சார்ஜ் அமைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈய பேட்டரிக்கான பழைய கன்வெர்ட்டர் 13.6 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் பேட்டரி முழுதாக நிறையாது. ஓடும்போது எஞ்சின் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஆகும் வழியிலும் லித்தியம் மட்டுமீறி இழுக்கும். சார்ஜை விட்டு விட்டு அனுமதிக்கும் தடுப்பானோ டிசி-டிசி சார்ஜரோ நடுவில் வேண்டும். கூரையில் திருகிய சோலார் பலகையை மட்டும் கழற்றாதீர்கள். ஓட்டை மிஞ்சும், டீலர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார்.

காரைக் கட்டும் சாமான்

காரின் முன்பக்கம் டோ பாரை மாட்டுவதற்காகப் பொருத்திய பேஸ் பிளேட் காரோடு இருக்கும், அதில் வேலையில்லை. டோ பார் புது வண்டிக்கு வரும், ஆனால் உயரம் ஒத்துப்போக வேண்டும். புது வண்டியில் சாமான் ஏற்றிய நிலையில் தரையிலிருந்து ஹிட்ச் துளை மையம் வரை அளந்து, காரின் பேஸ் பிளேட் உயரத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் ஏற்ற இறக்க அடாப்டர் வேண்டும். அடாப்டர் நீளத்தைக் கூட்டுவதால் பாதுகாப்புக் கம்பிகளும் நீளமாக வேண்டும். இதை மறந்து, முதல் திருப்பத்திலேயே கம்பி விண்ணென்று இழுபட்ட பிறகு கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. பிளக்கில் பிரேக் விளக்கும் திருப்ப விளக்கும் ஒரே கம்பியா தனித்தனியா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். கட்டியவுடன் ஒருவர் பின்னால் நின்று ஒவ்வொரு விளக்கையும் பார்க்க வேண்டும்.

வாரண்டியும் சர்வீஸும்

புது வண்டிக்கு வாரண்டி ஒன்றல்ல, நாலைந்து. சேஸிக்கு ஃபோர்டு, வீட்டுக்குப் பிராண்டு, ஜெனரேட்டருக்கு ஓனன், ஃபிரிட்ஜ், ஏசி ஒவ்வொன்றுக்கும் அதனதன் கம்பெனி. வீட்டு வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம். ஃபோர்டு எஞ்சின்-கியர்பாக்ஸுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல் தருகிறது. ஆனால் எல்லா ஃபோர்டு டீலரும் 35 அடி கோச்சை உள்ளே விடுவதில்லை. கமர்ஷியல் டிரக் பார்க்கும், உயரமான கதவுள்ள பட்டறை வேண்டும். உங்கள் ஊருக்கு அருகே எது என்று வாங்கும் முன் போன் போட்டுக் கேளுங்கள்.

பிராண்டு சர்வீஸ் நிலையங்களுக்கும் இரண்டு கேள்வி: "உங்களிடம் வாங்காத வண்டிக்கு வாரண்டி வேலை செய்வீர்களா? அடுத்த காலி தேதி எப்போது?" பல டீலர்கள் தங்கள் வாடிக்கையாளருக்குத்தான் முதலிடம் தருவார்கள். ஆயிரம் மைல் தள்ளி மலிவாக வாங்கியவருக்கு இங்கேதான் கையைச் சுடும். வின்னபேகோவின் ஃபாரஸ்ட் சிட்டி, நியூமாரின் நாப்பனி, டிஃபினின் ரெட் பே ஆகிய இடங்களில் தொழிற்சாலையே சர்வீஸ் செய்கிறது. அந்தப் பக்கம் பயணம் போகிறவர்களுக்கு அது ஒரு காரணம். வின்னபேகோ தன் பழைய மாடல்களுக்குக்கூட வயரிங் படமும் பாகப் பட்டியலும் பொதுவில் வைத்திருக்கிறது. தானே ரிப்பேர் செய்கிறவருக்கு இதன் அருமை தெரியும்.

பெயர் பழையது என்பதால் கம்பெனியும் பழையது என்று ஆகாது. ஃப்ளீட்வுட்டும், ஹாலிடே ராம்ப்ளரைக் கட்டிய மொனாக்கோவும் 2009 மார்ச்சில் திவால் மனு போட்டன. பெயர்கள் வேறு கைக்குப் போய் இன்றும் ஓடுகின்றன. குறையுள்ள வண்டியை வாங்கியவரைக் காக்கும் மாநில "லெமன் லா" சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். உதாரணமாக ஃப்ளோரிடா சட்டம் மோட்டார்ஹோமைச் சேர்த்துக்கொண்டு, அதன் குடியிருப்புப் பகுதியை விலக்கி வைக்கிறது. தொந்தரவு வருவதே அந்தப் பகுதியில்தான்.

பணக் கணக்கு

டீலர் உங்கள் பழைய வண்டிக்கு எவ்வளவு தருகிறார் என்பதைத் தனியாகப் பார்த்து மகிழாதீர்கள். கையிலிருந்து போகும் வித்தியாசம்தான் விலை. 1,50,000 டாலர் வண்டிக்கு 60,000 கழிக்கிற டீலரைவிட, அதே வண்டியை 1,40,000-க்குக் கொடுத்து 52,000 கழிக்கிறவர் 2,000 டாலர் மலிவு.

விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்ஸாஸில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் 6.25 சதவீதம். 60,000-க்கு டீலரிடம் கொடுத்தால் 3,750 வரி மிச்சம். அதனால் நீங்களே வெளியில் விற்பதானால் 63,750-க்கு மேல் வந்தால்தான் லாபம். கலிபோர்னியாவில் அந்தக் கழிவு கிடையாது, முழு விலைக்கும் வரி. அங்கே வெளியில் விற்பதற்கு வரி தடையாக நிற்காது.

பழைய வண்டிக்கு நீட்டித்த சர்வீஸ் ஒப்பந்தம் எடுத்திருந்தால், மிச்சக் காலத்துக்கான பணம் பெரும்பாலும் திரும்பி வரும். நீங்களே எழுதிக் கேட்க வேண்டும், யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். கடன் பாக்கி இருந்தால் அந்தத் தொகை கடன் கொடுத்தவருக்குப் போகும். பேட்டரி, மானிட்டர் என்று எடுத்துக்கொள்ளப் போவதை டீலர் மதிப்புப் போடும் முன்பே கழற்றிவிடுங்கள். பிறகு கழற்றினால் சண்டைதான்.

சோதனை நாள்

முந்தின நாளே போன் செய்து ஃபிரிட்ஜைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், எரிவாயு ஃபிரிட்ஜ் குளிர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எஞ்சினை மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வி10 என்றால் குளிர்ந்த எஞ்சினைப் போட்டதும் "டிக் டிக்" கேட்டு, சூடானதும் அடங்குகிறதா என்று கவனியுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்ததன் அடையாளம் அது.

ஜெனரேட்டரைப் போட்டு இரண்டு ஏசியையும் அரைமணி ஓட விடுங்கள். ஏசி உள்ளிழுக்கும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் பட்டனுக்கு மசியவில்லை என்றால் பெட்ரோல் மட்டத்தைப் பாருங்கள். கால் டேங்குக்குக் கீழே அதற்குப் பெட்ரோல் வராதபடிதான் குழாய் வைத்திருப்பார்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பம்ப்பைப் போட்டு எல்லாக் குழாயையும் மூடுங்கள். பம்ப் அமைதியாக இருக்க வேண்டும். அவ்வப்போது "கிர்" என்றால் எங்கோ ஒழுகுகிறது. சமையல் வாயுக் குழாய்க்கு 8 அங்குல நீரழுத்தத்தில் மூன்று நிமிடம் இறங்காமல் நிற்கும் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். டயரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டீலர் இடத்தில் நின்ற "புது" வண்டிக்கும் இது பொருந்தும்.

மின்இணைப்பு உள்ள டீலரானால், கையெழுத்துக்கு முன் ஒரு ராத்திரி அங்கேயே வண்டியில் படுத்துப் பாருங்கள். காலையில் எழுந்து குளித்துச் சமைத்து முடிக்கும்போது நோட்டில் பத்துக் குறையாவது ஏறியிருக்கும்.

முதல் ஆயிரம் மைல்

வண்டி ஆடுகிறது என்று உடனே சஸ்பென்ஷன் பாகங்களுக்கு ஆர்டர் போடாதீர்கள். முதலில் சாமான் ஏற்றி எடை போடுங்கள். டயர் கம்பெனியின் சுமை அட்டவணையில் அந்த எடைக்கு எத்தனை பிஎஸ்ஐ என்று பார்த்து, ஒரே அச்சில் கனமான பக்கத்துக்கு வேண்டிய அழுத்தத்தை இரு பக்கமும் வையுங்கள். பிறகு அலைன்மெண்ட். ஃபோர்டு சேஸியை அனுப்பும்போது அதன்மேல் வீடு இல்லை. பல ஆயிரம் பவுண்டு ஏறிய பிறகு முன்சக்கரக் கோணம் மாறியிருக்கும். சாமானும் பெட்ரோலும் நிரப்பிய நிலையிலேயே செய்யச் சொல்லி, முன்-பின் அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். இந்த மூன்றும் ஆன பிறகும் பக்கவாட்டில் ஆடினால், பழைய எஃப்-53-இல் ஸ்வே பார் (சாய்வைத் தடுக்கும் கம்பி) இணைப்பை வெளித்துளையிலிருந்து உள்துளைக்கு மாற்றுவது காசில்லாத வைத்தியம். பழைய வண்டியில் போட்ட ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர், ஸ்பிரிங் உதவி முதலியவற்றைக் கழற்றிக் கொண்டுவர நினைத்தால், சேஸியின் எடைப் பிரிவும் வருடமும் ஒத்துப்போகிறதா என்று பாக எண்ணை வைத்துப் பாருங்கள். 18,000-க்கானது 22,000-க்குப் பொருந்தாது.

குறைகளை எழுதும் நோட்டை வண்டியிலேயே வைத்திருங்கள். பத்தாவது மாதத்திலேயே சர்வீஸுக்கு நேரம் வாங்குங்கள். பன்னிரண்டாவது மாதம் போன் செய்தால் கிடைக்கும் தேதி பதினான்காவது மாதத்தில் இருக்கும். ஒவ்வொரு குறையும் ரிப்பேர் ஆர்டரில் தேதியோடு ஏறியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.